தொட்டால் ஐந்து விநாடி

வாருங்கள், வந்து சாட்சியாக அமருங்கள். ஐந்தாம் வரிசையில், தூணுக்கு அருகே, உங்களுக்காக ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. இந்த அரங்கில் இன்று ஒரு குற்றம் நடக்கப்போகிறது. கத்தி இருக்காது. ஒரு துளி இரத்தம் சிந்தாது. வசைச் சொல் ஒன்றுகூட உங்கள் காதில் விழாது. பட்டப்பகலில், ஒளிவெள்ளத்தில், முந்நூறு பேர் பார்த்திருக்க நடக்கும். நடந்து முடிந்ததும் கோப்பை கொடுப்பார்கள். நீங்களும் எழுந்து நின்று கைதட்டிவிடுவீர்களோ என்பதே என் அச்சம். ஆகவே கைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கண்களை மட்டும் திறந்து வையுங்கள்.

இது கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியின் இறகுப்பந்து அரங்கம். வலைகளைக் கழற்றிவிட்டு, ஒட்டுப்பலகைகளால் நாற்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாதை கட்டியிருக்கிறார்கள். அதில் வளைவு உண்டு, சரிவு உண்டு, கவிழ்த்துப்போட்ட நாற்காலிகள் உண்டு, கடைசியில் ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்து ஒன்றும் உண்டு. வீட்டு மொட்டைமாடியிலும் பட்டறை மூலையிலும் ஆர்வத்தால் மட்டுமே செய்யப்பட்ட சின்னஞ்சிறு ரோபோக்கள் இதைக் கடக்க வேண்டும். எவரும் கருவி பிடித்து இயக்கக்கூடாது. அவை தாமே பார்த்து, தாமே முடிவெடுக்க வேண்டும். விரைந்து கடப்பது வெல்லும். தடையைத் தொட்டால் ஐந்து விநாடி அபராதம். தொடாவிட்டால் அபராதம் இல்லை. விதிப்புத்தகத்தின் ஆறாம் விதி அது. அதை மறந்துவிடாதீர்கள்.

அதோ முதல் மேசையில், மடிக்கணினிக்குள் முகத்தைப் புதைத்திருப்பவர் அங்கயற்கண்ணி. நூற்பாலை இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் பொறியாளர். முப்பத்திரண்டு வயது. தீயவர் அல்லர், இந்தக் கதையின் துயரமே அதுதான். தொழிற்சாலை உணவகத்தில் கூட்டிப் பெருக்கும் பெண்களுக்கென்று தனியே வைத்திருந்த பச்சை டம்ளர்களைச் சண்டை போட்டு அகற்ற வைத்தவர் அவர். அவருடைய காலடியில், முழங்கால் உயரத்தில், பன்னிரண்டு கிலோ எடையில் நிற்கிறதே, அது சிட்டு. அவர் செய்த ரோபோ.

மற்ற ரோபோக்களுக்கும் சிட்டுவுக்கும் ஒரே ஒரு வேறுபாடு. எதிரே ஏதேனும் அசைந்தால் மற்றவை நின்றுவிடும். சிட்டு நிற்பதற்கு முன் ஊகிக்கும். எட்டு மாதம் தம் தொழிற்சாலையின் நீண்ட நடைக்கூடத்தில் அங்கயற்கண்ணி அதை ஓடவிட்டார். எதிரே வந்த ஒவ்வோர் உருவத்தையும் அது கவனித்து, தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டது: வருவது வழிவிடுமா, விடாதா? கிடைத்த விடைகளுக்கு அவர் வைத்த பெயர்கள் இரண்டே. விலகும். விலகாது. விலகும் என்று தெரிந்தால் சிட்டு வேகத்தைக் குறைக்காது.

இந்த ஆண்டுப் போட்டியில் புதுமை ஒன்று சேர்ந்திருந்தது: நடமாடும் தடைகள். பாதைக்குள் ஆறு மனிதர்கள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருப்பார்கள். மாணவர்களை விட்டால் ரோபோவின் முன் குத்தாட்டம் போடுவார்கள் என்று அஞ்சிய ஏற்பாட்டுக் குழு, சொன்னபடி நடப்பவர்கள் யார் என்று யோசித்து, கல்லூரியின் துப்புரவுப் பெண்கள் ஆறு பேரை அழைத்தது. ஆறு பேருக்கும் ஆரஞ்சு நிற மேலங்கி. முதுகில் 'த' என்ற எழுத்தும் ஓர் எண்ணும். த என்றால் தடை.

"ஏனக்கா, என்ற முதுகுல என்னமோ ஒட்டிருக்காங்களே, என்னன்னு பாரு" என்றார் பழனாள்.

"த-மூணு. தடையாமா" என்று படித்துச் சொன்னார் நஞ்சம்மாள். அவர் முதுகில் த-4.

"தடையா? என்ற மாமியாகாரி இருவது வருசமாச் சொன்னத இப்பத்தான் அச்சடிச்சுக் குடுத்துருக்காங்க."

ஆறு பேரும் சிரித்தார்கள். ஒலிவாங்கியோடு அந்த வழியே வந்த நடுவரும் சிரித்தார். "பயப்படாதீங்கம்மா. நீங்க பாட்டுக்கு நடந்துக்கிட்டிருந்தாப் போதும். எல்லாம் பொம்மைங்கதான்" என்று அன்போடு சொல்லிவிட்டு, பாதையின் நடுவே நேராக நடந்து போனார். பெண்கள் இருபுறமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அதை எவரும் கவனிக்கவில்லை. நீங்களும் கவனித்திருக்க மாட்டீர்கள்.

காலையில் அரையிறுதி. மற்ற எந்த ரோபோவும் எழுபது விநாடிக்குக் குறைவாக ஓடவில்லை. ஒரு பெண் எதிரே வந்தால் நிற்கும், தயங்கும், திரும்பும், மறுபடி நிற்கும். சிட்டு நாற்பத்தோரு விநாடியில் ஓடி முடித்தது. ஆறு பெண்களுக்கு நடுவே நூல் கோத்தது போலப் போயிற்று.

மருத்துவமனைகளுக்குத் தானியங்கி மருந்து வண்டிகள் செய்யும் ஒரு நிறுவனத்தின் சார்பில் வந்திருந்த ரகுராமன் மூச்சிரைக்க மேசைக்கு ஓடி வந்தார்.

"மேடம், நிக்கவே இல்லையே! எங்க வண்டி ஆளப் பார்த்தா நின்னு, நாற்காலியப் பார்த்தா நின்னு, மூணாவது மாடிக்கு மருந்து போய்ச் சேர்றதுக்குள்ள பேஷண்ட் குணமாகி வீட்டுக்கே போயிடறாரு. ஃபைனல்லயும் இதே மாதிரி ஓடுச்சுன்னா இந்த மூளைய அப்படியே நாங்க எடுத்துக்கறோம். இன்னைக்கே கையெழுத்து."

பன்னிரண்டு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று வளர்ந்த கனவு, ஒரு வாக்கியத்தில் அங்கயற்கண்ணியின் மேசைக்கு வந்துவிட்டது. இன்னும் ஓரிரு விநாடிகளை மிச்சப்படுத்த வழியுண்டா என்று பார்க்க, உணவு இடைவேளையில் அவர் ஓட்டத்தின் பதிவைத் திறந்தார்.

ஓரிடத்தில் சிட்டு நின்றிருந்தது. ஒரு நாற்காலி சரிந்துவிட, அதை நிமிர்த்த நடுவர் பாதைக்குள் இறங்கியிருந்தார். ஆறடி தொலைவிலேயே சிட்டு நின்று, அவர் போகும் வரை இரண்டு விநாடி காத்திருந்தது. ஏன் அவருக்கு மட்டும்? பதிவில் பெயர்களைப் பார்த்தார். த-1 விலகும். த-2 விலகும். கடைசி வரை அப்படியே, ஆறு பேருமே விலகும். நடுவர்: விலகாது.

மேலங்கியின் நிறத்தை வைத்துக் கணிக்கிறதோ என்று முதலில் நினைத்தார். அரங்கின் பின்பக்கப் படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நஞ்சம்மாளைத் தேடிப் போனார்.

"நஞ்சம்மாக்கா, சாப்பிட்டதும் ஒரு அஞ்சு நிமிசம் வர்றீங்களா?"

"சாப்பாடு எங்கீங்க ஓடிருது, வாங்க போலாம்" என்று கையைக் கழுவிக்கொண்டு வந்தார் நஞ்சம்மாள்.

மேலங்கியைக் கழற்றிவிட்டு நடக்கச் சொன்னார். திரையில்: விலகும். தம்முடைய வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டு நடக்கச் சொன்னார். விலகும். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ரகுராமனிடம் ஆரஞ்சு மேலங்கியையும் ஒரு துடைப்பத்தையும் கொடுத்தார்.

"நான் இப்ப தடையா? ஒரு ஃபோட்டோ எடுங்க மேடம், வீட்ல காட்டணும்" என்று சிரித்துக்கொண்டே அவர் நடந்தார். திரையில்: விலகாது.

ரகுராமன் மேலங்கியை நாற்காலியில் எறிந்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். அங்கயற்கண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்கம்மிணி, மொகமே சுண்டிப்போச்சு?"

"அக்கா, இது துணியப் பார்க்கல. உங்க நடையப் பார்க்குது. எதிர்ல ஆளு வர்றதுக்கு முன்னாலயே உங்க தோளு செவுத்துப் பக்கம் திரும்பிருது. தல குனிஞ்சிருது. காலு அரையடி ஒதுங்கிருது. உங்களுக்கே தெரியாம நடக்குது. எட்டு மாசமா எங்க கம்பெனி வராண்டால இது அதைத்தான் பார்த்துருக்கு. ஆபீசருங்க வந்தா ஒதுங்க மாட்டாங்க. கூட்டற அக்காங்க வந்தா ஒதுங்கிருவாங்க. யாருஞ் சொல்லித் தரலக்கா. அதுவாவே கத்துக்கிச்சு."

நஞ்சம்மாள் குந்தி உட்கார்ந்து, சிட்டுவின் கேமராவை, அந்தக் கண்ணாடிக் கண்ணை, உற்றுப் பார்த்தார்.

"அப்ப இதுக்கும் தெரிஞ்சு போச்சுங்களா?" என்றார். "நாங்க எந்தத் தெருவுன்னு ஊருக்குள்ளதான் தெரியும்னு நெனச்சனுங்க. டவுனுக்குப் போயிட்டா ஒருத்தருக்கும் தெரியாதும்மான்னு என்ற மவ சொல்லுவா. இந்தப் பொட்டிக்குப் போயி யாருங்க சொன்னது?"

அங்கயற்கண்ணி திரையை மூடினார். உங்களிடம் பதில் இருக்கிறதா? சாதி என்ற சொல்லைச் சிட்டுவுக்கு எவரும் கற்பிக்கவில்லை. அதற்கு ஊர் தெரியாது, தெரு தெரியாது, தொழில் தெரியாது, கடவுளும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தூரங்கள். நாம் ஒருவருக்கொருவர் விட்டுக்கொள்ளும் தூரங்களை அது அளந்தது. அளந்ததைக் கூட்டிப் பார்த்தது. நாம் சட்டம் போட்டு ஒழித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் ஒன்று விடையாக வந்தது.

"நான் ஒதுங்காம நின்னுட்டா இது என்ன பண்ணுங்க?"

"நிக்காதுக்கா. நீங்க ஒதுங்கிருவீங்கன்னு நம்பித்தான் அந்த வேகத்துல வருது. இடிச்சிரும்."

"அப்ப நிறுத்திப் போடுங்."

எவ்வளவு எளிய சொற்கள்! நீதி எப்போதும் இவ்வளவு எளிதாகத்தான் பேசுகிறது. 'விலகும்' என்ற அந்த ஒற்றைப் பெயரை அழித்தால் போதும். எல்லோரையும் கண்டு சிட்டு நிற்கும், மற்ற ரோபோக்களைப் போல எழுபது விநாடி எடுத்துக்கொள்ளும், தோற்கும். இறுதிச் சுற்றுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. அங்கயற்கண்ணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நஞ்சம்மாளின் முகத்தைப் பாராமல் பேசினார்.

"ஃபைனல் முடியட்டும்க்கா. முடிஞ்ச உடனே சரி பண்ணிடறேன், சத்தியமா. இந்த ஒரு தடவ மட்டும்... எப்பவும் போல ஒதுங்கிருங்க."

முடியட்டும்! பெரியோர்களே, இந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை தலைமுறைகளைப் புதைத்திருக்கிறோம் தெரியுமா? திருவிழா முடியட்டும். தேர்தல் முடியட்டும். மகளின் திருமணம் முடியட்டும். கொடியவர்கள் இந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. அவர்களுக்கு இது தேவைப்படுவதில்லை. இது நல்லவர்களின் சொல்.

"எப்பவும் போலவா?" என்றார் நஞ்சம்மாள். கோபப்படவில்லை. நாற்காலியில் கிடந்த மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டார். "சரிங்கம்மிணி."

இறுதிச் சுற்று தொடங்கியது. சிட்டு புறப்பட்டது. முதல் வளைவில் பழனாள் ஒதுங்கினார். சரிவில் இருவர் ஒதுங்கினர். அரங்கம் ஆரவாரித்தது. ஒவ்வொரு போட்டியாளர் கையிலும் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு; அழுத்தினால் ரோபோ அந்த இடத்திலேயே நிற்கும், ஆட்டத்திலிருந்தும் விலக்கப்படும். அங்கயற்கண்ணியின் கட்டைவிரல் அதன்மேல் இருந்தது.

கடைசிச் சந்தின் வாயில் நஞ்சம்மாள் நின்றார். நடக்கவில்லை, நின்றார். ஐந்தாம் வரிசையிலிருந்து பார்க்கிற உங்களுக்குத் தெரிகிறதா, அவர் தோள்கள் நிமிர்ந்திருக்கின்றன. தலை குனியவில்லை. நாற்பத்தாறு ஆண்டு வாழ்வில் முதன்முறையாக ஒரு வழியின் நடுவில் அவர் நிற்கிறார், தம் எதிரே வருவது எதுவாயினும் அதுவே நிற்கட்டும் என்று. அவர் அங்கே நடந்து வந்த நடையைப் பார்த்தே கணித்துவிட்ட சிட்டு வேகம் குறையாமல் வருகிறது. பத்தடி. ஆறடி. அங்கயற்கண்ணியின் கட்டைவிரல் பொத்தான்மேல் இருக்கிறது, அழுத்தவில்லை. நான்கடி.

அப்போது நஞ்சம்மாளின் வலது கால் நகர்ந்தது.

மனம் நின்ற இடத்திலேயே நின்றது. கால் மட்டும் பழகிய பக்கம் போயிற்று. இரண்டுக்கும் இடையே உடல் என்ன செய்யும்? சரிந்தது. இடது கை பலகையின் விளிம்பில் மோதி, மணிக்கட்டு மடங்கிற்று. அவர் விழுந்து உண்டான இடைவெளியில், நாலு விரற்கடை தள்ளி, சிட்டு சுத்தமாகக் கடந்து போய்க் கோட்டைத் தாண்டியது.

முந்நூறு பேரும் நடுவரைப் பார்த்தார்கள். நடுவர் குனிந்து, பாதையின் மேலிருந்த கேமராவின் பதிவைப் பார்த்தார். பிறகு ஒலிவாங்கியை உயர்த்தினார். மேடைகளில் பழகிய குரல்; கூரை வரை எழுந்தது.

"த-நான்கைத் தொடவில்லை! அபராதம் இல்லை! முப்பத்தெட்டு விநாடி!"

கேட்டீர்களா? தொடவில்லை. எவ்வளவு பெருமையாக அந்தச் சொல் ஒலித்தது! ஒரு பெண் கீழே கிடக்கிறார்; தொடாததற்குப் பரிசு அறிவிக்கப்படுகிறது; அரங்கம் எழுந்து நின்று கைதட்டுகிறது. ஆறாம் விதிப்படி எந்தத் தவறும் நடக்கவில்லை.

முதலுதவி அறையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே அங்கயற்கண்ணி போய் நின்றார். நஞ்சம்மாள்தான் முதலில் பேசினார்.

"உங்க மேல வருத்தமில்லீங்கம்மிணி. நிக்கோணும்னுதான் நெனச்சேன். காலு கேக்கல."

அன்று மாலை ஒப்பந்தம் கையெழுத்தானது. சிட்டுவின் மூளை மருந்து வண்டிகளில் ஏறியது. வண்டிகள் மருத்துவமனை நடைக்கூடங்களில் ஓடத் தொடங்கின. மருத்துவருக்கு நின்றன, தலைமைச் செவிலியருக்கு நின்றன, வாளியோடு வந்தவர்களுக்கு மட்டும் நிற்கவில்லை. சரி பண்ணிடறேன் என்ற வாக்கு ஒப்பந்தம் முடியட்டும் என்று தள்ளிப்போயிற்று, பிறகு வெள்ளோட்டம் முடியட்டும் என்று தள்ளிப்போயிற்று. நான்கு மாதம் கழித்து, தூக்கம் கெட்ட அங்கயற்கண்ணி, அந்த மூளையைத் திரும்பப் பெறும்படி ரகுராமனிடம் மன்றாடினார். அவர் உண்மையாகவே வியந்தார்.

"எதுக்கு மேடம்? இதுவரைக்கும் ஒருத்தரையும் தொட்டதில்ல. ஒரு புகார்கூட வரலையே."

வராது. விலகுபவர்கள் விலகிவிட்டார்கள் அல்லவா?

அதன் பின்தான் அவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அந்த நடுவரின் வீட்டுக்கு வந்தார். நடந்த அனைத்தையும், நஞ்சம்மாளிடம் தாம் கேட்டதையும், அழுத்தாத பொத்தானையும் மறைக்காமல் சொன்னார். கடைசியில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார்.

"ஐயா, இதையும் நீங்க பார்க்கணும். ஒருத்தர் விலகுவாரா மாட்டாரான்னு முடிவு பண்ண இதுக்குச் சாதாரணமா நாலஞ்சு அடி நடை வேணும். உங்களுக்கு ஒரு அடி போதுமா இருந்துச்சு. விலகாது. உறுதி, நூத்துக்கு நூறு."

இவ்வளவு நேரம் நடுவரின் பெயரை நான் சொல்லாததை நீங்கள் கவனித்தீர்களா? என் பெயர் தேவசகாயம்; இதே கல்லூரியில் பொறியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். நாற்பது ஆண்டுகள் இந்த நாட்டின் மேடைகளில் சமத்துவம் பேசியவன். துண்டறிக்கைகளை நானே எழுதி, நானே அச்சிட்டு, பேருந்து நிலையங்களில் என் கையால் கொடுத்தவன். ஆறாம் விதியை எழுதிய கை அதே கை. தொடவில்லை என்று முழங்கிய குரல் இதே குரல். என் சொற்பொழிவுகளைக் கேட்ட ஆயிரமாயிரம் பேர் கண்டுபிடிக்காததை, ஒரு சொல்லும் கேளாத ஒரு பொம்மை என் ஒரே ஓர் அடியில் கண்டுபிடித்துவிட்டது.

பிறகு அங்கயற்கண்ணியும் நஞ்சம்மாளும் நானும் சனிக்கிழமை காலைகளில் அந்தக் கல்லூரியின் நடைக்கூடத்தில் சந்தித்தோம். சிட்டுவுக்கு மறுபடி பாடம் கற்பிக்கலாம் என்று நம்பினோம். நஞ்சம்மாள் விலகாமல் நடந்து காட்ட வேண்டும். அது பார்த்துக் கற்க வேண்டும். பதினொரு வாரம் அவர் கால் கேட்கவில்லை. பன்னிரண்டாம் வாரம் ஒரு முறை நின்றேவிட்டார். நானும் அங்கயற்கண்ணியும் கூச்சலிட்டோம். சிட்டு அதைப் பதிவு செய்தது. பின்னர் அதுவரை சேர்த்த இலட்சக்கணக்கான நடைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, இது ஏதோ பிழை என்று ஒதுக்கிவிட்டது.

"ஒண்ணு போதாதுக்கா" என்றார் அங்கயற்கண்ணி. "ஆயிரக்கணக்குல வேணும்."

நஞ்சம்மாள் தம் வளைந்து சேர்ந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"ஏனுங்கய்யா, நாங்க நிக்கப் பழகறது இருக்கட்டும். நீங்க ஒதுங்கப் பழகலாமுங்களே? அது சுளுவுதானுங்க?"

எழுந்தேன். நடந்தேன். எதிரே துடைப்பத்தோடு அவர் வந்தார். ஒதுங்க வேண்டும் என்று முழு மனத்தோடு எண்ணினேன். அருகில் வந்ததும் அவர் தோள் சுவரை நோக்கித் திரும்பியது. நான் பாதையின் நடுவே போய்க்கொண்டிருந்தேன். திரையில் பழைய சொற்களே தெரிந்தன. என் காலும் கேட்கவில்லை.

என் வாழ்நாள் பேச்சுக்கெல்லாம் கிடைத்த மதிப்பெண் அது. இனி எனக்கு மேடை வேண்டாம். இந்த ஒரு வேண்டுகோளோடு இறங்கிக்கொள்கிறேன்.

நாளைக் காலை உங்கள் அலுவலகத்தில், பள்ளியில், மருத்துவமனையில், அடுக்குமாடியின் நடைக்கூடத்தில் ஒருவர் வாளியோடு எதிரே வருவார். அவர் தோள் திரும்புமுன் உங்கள் தோள் திரும்பட்டும். சுவரோடு ஒட்டி நில்லுங்கள். நடுவழி அவருடையதாகட்டும். அவர் திகைத்து நின்றால் காத்திருங்கள். முதல் நாள் உங்கள் கால் கேட்காது, மறுநாளும் நடங்கள். கூரையில் ஏதோ ஒரு கண்ணாடிக் கண் பார்த்துக்கொண்டுதான் இருக்கும், நம்மிடமிருந்து கற்றுக்கொண்டுதான் இருக்கும். அதற்கு ஆயிரக்கணக்கில் வேண்டுமாம். இதைப் படிக்கும் உங்களில் ஒவ்வொருவரும் ஒரு விலகல் கொடுங்கள்.

கைதட்டாதீர்கள். எழுந்து விலகுங்கள்.